மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் சொல்ல வேண்டும்



இம்முறை சுகாதாரப் பாடத்தில் நாம் எல்லோரும் பாவிக்கின்ற ஒரு பொருளைப் பற்றிப் படிக்கப் போகிறோம். அதுதான் மருந்து. தோட்ட டிஸ்பென்சரியில் தருகின்ற காய்ச்சல் குளிசை, ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாதாமாதம் எடுக்கின்ற பிரஷர் மருந்து, டவுன் பாமசியில் காசு கொடுத்து வாங்குகின்ற பாணி மருந்து, பிள்ளைக்குப் போடுகின்ற தடுப்பூசி, கண்ணுக்கு விடுகின்ற சொட்டு மருந்து எல்லாம் இதில் அடங்கும்.

மருந்து நோயைக் குணமாக்கும். ஆனால் அதே மருந்து சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். நாங்கள் லயங்களுக்குப் போகும்போது, "அந்தக் குளிச குடிச்சா எனக்கு மேலெல்லாம் சொறியுதுங்க, அதனால விட்டுட்டேன்" என்று சொல்பவர்களைச் சந்திக்கிறோம். "யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, எதுக்கு சொல்லணும், குளிசய வீசிட்டேன்" என்பார்கள்.

குளிசையை வீசியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஏன் முடியவில்லை, என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய பாடம்.

பக்க விளைவு என்றால் என்ன?

சரியான நோய்க்கு, சரியான அளவில், டொக்டர் சொன்னபடி மருந்தை எடுத்தும் உடம்புக்குக் கெடுதி உண்டானால் அதை மருந்தின் பாதகமான விளைவு என்கிறோம். பேச்சு வழக்கில் பக்க விளைவு, ஒத்துக்கொள்ளாமை, அலர்ஜி என்றெல்லாம் சொல்கிறோம். இதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, மருந்தின் தன்மையால் வருவது. இது பலருக்கு வரலாம் என்று முன்கூட்டியே தெரியும். தடிமனுக்கும் சொறிக்கும் கொடுக்கின்ற பிரிட்டன் குளிசை தூக்கத்தை வரவழைப்பது இந்த வகை.

இரண்டாவது, குறிப்பிட்ட ஆளுடைய உடம்பு அந்த மருந்தை எதிர்ப்பதால் வருவது. நூறு பேருக்கு நல்லதைச் செய்கின்ற பெனிசிலின் மருந்து ஒருவருக்கு மட்டும் முகத்தை வீங்க வைத்து மூச்சை அடைக்கலாம். இதுதான் அலர்ஜி. ஒரு முறை வந்தால் அடுத்த முறை அதைவிடக் கடுமையாக வர இடமுண்டு. அதனால்தான் இதை மறக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதில் காய்ச்சலுக்கு அமொக்சிசிலின் பாணி கொடுத்தார்கள். மேலெல்லாம் தடித்துச் சிவந்தது. தாய் பயந்து மருந்தை நிறுத்தினாள். தடிப்பு அடங்கியது. மருந்தின் பெயரை அவள் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. ஆறு வயதில் வேறொரு டவுனில் வேறொரு டொக்டர் அதே மருந்தை வேறு பெயர் போட்ட போத்தலில் எழுதிக் கொடுக்கிறார். "இதற்கு முன் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா?" என்று அவர் கேட்கும்போது, தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது அந்தப் பிள்ளையின் உயிர் யார் கையில் இருக்கிறது? கிளினிக் கொப்பியில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

நம் நாட்டு டொக்டர்கள் கண்டுபிடித்தது

பக்க விளைவைக் கண்டுபிடிப்பது வெளிநாட்டு ஆய்வுகூடங்களில்தான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். இலங்கையில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

காச நோய்க்குக் கொடுக்கின்ற மருந்துகளில் ஐசோனியசிட் என்பது ஒன்று. அந்த மருந்தைக் குடித்துவந்த சில நோயாளிகளுக்குத் திடீரென்று முகம் சிவந்து, கண் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, உடம்பில் தடிப்பும் வந்தது. மருந்து மட்டும்தான் காரணம் என்றால் தினமும் அல்லவா வர வேண்டும்? ஆனால் சில நாட்களில் மட்டுமே வந்தது. விசாரித்துப் பார்த்தபோது, அந்த நாட்களில் அவர்கள் சாப்பிட்டது பலயா போன்ற மீன் என்று தெரிந்தது.

நெஞ்சு நோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொடவும் பேராசிரியர் எஸ். ஆர். கொட்டேகொடவும் 1977ஆம் ஆண்டில் இதை மருத்துவ சஞ்சிகையில் எழுதி உலகத்துக்கு அறிவித்தார்கள். காரணம் இதுதான். இவ்வகை மீனைக் குளிரில் சரியாக வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். சாதாரணமாக நம் உடம்பு அதை உடைத்து அழித்துவிடும். ஐசோனியசிட் குடிப்பவர்களின் உடம்பில் அந்த வேலை தடைப்படுகிறது. அதனால் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மீன் அவர்களுக்கு மட்டும் விஷம் மாதிரி வேலை செய்கிறது.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, காச நோய் மருந்து குடிப்பவர்கள் பலயா, கெலவல்லா போன்ற மீன் சாப்பிடுவது பற்றி மார்பு நோய் கிளினிக்கில் கேட்டு நடக்க வேண்டும். மற்றது, நோயாளி என்ன குடித்தார், என்ன சாப்பிட்டார், எப்போது என்ன வந்தது என்று விவரம் தெரிந்தால்தான் டொக்டருக்கு வழி பிறக்கும். அந்த விவரம் நம் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

பயப்படத் தேவையில்லாதவை

மருந்து குடித்ததும் வருகின்ற எல்லா மாற்றமும் ஆபத்தல்ல. இவற்றைக் கண்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும்.

1. இரும்புச்சத்துக் குளிசை குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு மலம் கறுப்பாகப் போகும். வயிறு சற்று இறுகவும் கூடும். இது வழமை. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்கக் கூடாது. தேயிலையில் உள்ள சத்து இரும்பை உடம்பில் சேர விடாது. வெறும் தண்ணீரில் குடித்துவிட்டு, தேத்தண்ணியை ஓரிரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

2. காச நோய்க்குக் கொடுக்கின்ற ரிஃபம்பிசின் மருந்தால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகும். இரத்தம் போகிறது என்று பயப்பட வேண்டாம். ஆனால் இந்த மருந்து குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையின் பலனைக் குறைத்துவிடும். ஆகவே அந்தக் குளிசை பாவிக்கின்ற பெண்கள் கட்டாயம் கிளினிக்கில் சொல்லி வேறு முறை கேட்க வேண்டும்.

3. சீனி நோய்க்குக் கொடுக்கின்ற மெட்ஃபோர்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும்.

4. குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போட்டவர்களுக்கு மாதவிடாய் முன்பின்னாக வரலாம், நின்றும் போகலாம். இரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள்.

5. தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வரலாம்.

இதோடு இன்னொன்று. பிரிட்டன் போன்ற தூக்கம் தரும் மருந்து குடித்துவிட்டுக் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போகாதீர்கள். பெக்டரியில் மெஷினுக்குப் பக்கத்திலும் நிற்காதீர்கள். கங்காணியிடம் அல்லது ஐயாவிடம் சொல்லி அன்றைக்கு வேறு வேலை கேளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

கீழே உள்ள அடையாளங்களில் ஒன்று கண்டாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது.

1. மருந்து குடித்த அல்லது ஊசி போட்ட சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணித்தியாலத்துக்குள், உதடு, நாக்கு, முகம் வீங்குதல், மூச்சு இழுத்தல், தொண்டை அடைத்தல், மயக்கம் வருதல்.

2. தோலில் தீப்பட்டது போலக் கொப்புளம் வருதல், தோல் உரிதல், வாயிலும் கண்ணிலும் புண் வருதல், அதோடு காய்ச்சல். சல்ஃபா மருந்தும் வலிப்புக்குக் கொடுக்கின்ற சில மருந்துகளும் சிலருக்கு இப்படிச் செய்யும்.

3. கண் மஞ்சளாதல், சிறுநீர் தேத்தண்ணிச் சாயம் போலக் கறுத்தல், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வருதல். காச நோய் மருந்து குடிப்பவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஈரல் பாதிக்கப்படுவதன் அடையாளம் இது.

4. கை கால் வலிக்கும் முதுகு வலிக்கும் வலிக் குளிசை குடிப்பவர்களுக்கு மலம் தார் போலக் கறுப்பாகப் பிசுபிசுப்போடு போதல், இரத்த வாந்தி வருதல். இது வயிற்றில் இரத்தம் கசிவதன் அடையாளம்.

5. சீனி நோய் மருந்து குடிப்பவருக்குத் திடீர் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம். இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டது என்று அர்த்தம். சுயநினைவு இருந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் சீனிக் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு மலையிலேயே இப்படி வரும். ஆகவே சாப்பிடாமல் போகாதீர்கள்.

மூச்சு அடைத்து மயக்கம் வருபவரைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் சாய்த்து உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பாதை மோசமான டிவிஷன்களில் அதற்காகக் காத்திருந்து நேரத்தைப் போக்காமல், தோட்ட வாகனத்தையும் அதே நேரத்தில் கேளுங்கள். போகும்போது குடித்த மருந்தைக் கையோடு கொண்டுபோக மறக்காதீர்கள்.

ஊசி போட்டால் அரை மணித்தியாலமாவது அந்த இடத்திலேயே இருந்துவிட்டு வாருங்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட பிறகு மருத்துவமாது இருக்கச் சொல்வது இதற்காகத்தான். "கொழுந்து நிறுக்க நேரமாச்சு" என்று ஓடி வர வேண்டாம்.

மருந்தால் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மருந்து குடிக்கும் நாளில் வருகின்ற எல்லாமே மருந்தால் வந்ததல்ல. காய்ச்சலாலும் தடிப்பு வரும். அன்றைக்குப் புல்லுக்கு மருந்து அடித்திருந்தால் அதனாலும் வாந்தியும் தலைச்சுற்றும் வரும். முடிவு சொல்வது டொக்டருடைய வேலை. அவர் சரியாக முடிவு செய்ய, இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.

முதற் கேள்வி: மருந்தை எந்த நாளில் தொடங்கினோம், கெடுதி எந்த நாளில் வந்தது? கடும் அலர்ஜி நிமிடக் கணக்கில் வரும். சாதாரணத் தடிப்பு பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிழமைக்குள் வரும். தோல் உரிகின்ற நோய் ஒரு கிழமைக்கும் நான்கு கிழமைக்கும் இடையில் வருவதே அதிகம். எனலபிரில் என்ற பிரஷர் மருந்தால் வருகின்ற வறட்டு இருமல் சில மாதம் சென்றும் வரலாம். "நேத்து குடிச்ச குளிசயாத்தான் இருக்கும்" என்று எண்ணி, போன மாதம் தொடங்கிய மருந்தைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் கேள்வி: மருந்தின் பெயர் என்ன? "வெள்ளைக் குளிசை", "சிவப்புக் குளிசை" என்பது பெயரல்ல. ஒரே மருந்தை ஒரு கம்பனி வெள்ளையாகச் செய்யும், இன்னொரு கம்பனி மஞ்சளாகச் செய்யும். கடதாசி உறையில் எழுதியிருக்கிற பெயர்தான் முக்கியம். எழுதியில்லாவிட்டால், "பெயரை எழுதித் தாங்க" என்று தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாம் கேள்வி: எத்தனை குடித்தோம், எத்தனை தரம் குடித்தோம்? அவசரமாகக் குணமாக வேண்டும் என்று இரண்டு மடங்கு குடித்திருந்தால் அதையும் உள்ளபடி சொல்ல வேண்டும்.

நான்காம் கேள்வி: அதோடு வேறு என்ன எடுத்தோம்? கடையில் வாங்கிய வலிக் குளிசை, நாட்டு மருந்து, கசாயம், சாராயம், சாப்பிட்ட மீன் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மீன் விஷயம் எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று மேலே பார்த்தோம் அல்லவா?

ஐந்தாம் கேள்வி: மருந்தை நிறுத்தியதும் குறைந்ததா? முன்பு எப்போதாவது இதே மருந்தால் இப்படி வந்ததா?

ஒரு எச்சரிக்கை. "மறுபடி ஒரு குளிசை குடித்துப் பார்ப்போம், வருகிறதா என்று பார்ப்போம்" என்று வீட்டில் பரீட்சை செய்யவே கூடாது. முதல் முறை சொறியோடு போனது இரண்டாம் முறை உயிரையே எடுக்கலாம்.

தானாக நிறுத்தக் கூடாத மருந்துகள்

முன்னே சொன்ன ஆபத்தான அடையாளங்கள் வந்தால் அடுத்த வேளை மருந்தைக் குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றப்படி, வலிப்பு மருந்து, பிரஷர் மருந்து, இருதய மருந்து, இன்சுலின், காச நோய் மருந்து, நெடுநாள் குடிக்கின்ற பிரட்னிசொலோன் ஆகியவற்றை நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்தை நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பும். காச நோய் மருந்தை இடையில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறும். ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் டொக்டர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். நிறுத்துவதும் மாற்றுவதும் அவர் கையில் இருக்கட்டும். சொல்வது நம் கையில் இருக்கிறது.

யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன நடக்கும்?

முதலில் தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லுங்கள். மருத்துவமாதுவிடமும் சொல்லலாம். மருந்து தந்த ஆஸ்பத்திரி டொக்டர், பாமசிக்காரர், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் எல்லோரிடமும் சொல்லலாம். சொல்லும்போது இரண்டு காரியங்களைக் கேளுங்கள். ஒன்று, கிளினிக் கொப்பியின் முன் பக்கத்தில் "இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்தது, மேலிடத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள்.

மேலிடம் என்பது கொழும்பிலுள்ள தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. நாட்டுக்குள் வருகின்ற மருந்துகளைப் பதிவு செய்வதும், கெட்ட மருந்தைத் தடை செய்வதும் அதன் கடமை. அறிவிக்கும் படிவத்தில் முக்கியமாக நான்கு விஷயம் வேண்டும்: நோயாளி யார், என்ன மருந்து, என்ன கெடுதி, அறிவிப்பவர் யார். மருந்துதான் காரணம் என்று நிரூபித்த பிறகுதான் அறிவிக்க வேண்டும் என்பதில்லை. சந்தேகம் இருந்தாலே போதும்.

இந்த ஏற்பாடு உலகத்தில் எப்படி வந்தது தெரியுமா? 1957ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தலிடோமைட் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் நல்லது என்று பல நாடுகளில் விற்றார்கள். அதைக் குடித்த தாய்மாருக்குக் கையும் காலும் வளராத பிள்ளைகள் பிறந்தன. 1961இல் ஜெர்மனியில் லென்ஸ் என்ற டொக்டரும் அவுஸ்திரேலியாவில் மக்பிரைட் என்ற டொக்டரும் தாங்கள் கண்டதை வெளியே சொன்ன பிறகே அந்த மருந்து நிறுத்தப்பட்டது. அதற்குள் உலகம் முழுவதும் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். இன்னொரு முறை இப்படி நடக்கக் கூடாது என்று 1968இல் உலக சுகாதார ஸ்தாபனம் நாடுகளிலிருந்து அறிக்கைகளைச் சேர்க்கத் தொடங்கியது. இலங்கை 2000ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தது. ஒரு லயத்தில் ஒரு தாய் சொல்கின்ற விஷயம் டிஸ்பென்சரி வழியாகக் கொழும்புக்கும், அங்கிருந்து சுவீடனில் உப்சாலா நகரிலுள்ள உலக நிலையத்துக்கும் போய்ச் சேரலாம்.

நமக்குக் கிட்டவே நடந்ததையும் சொல்கிறோம். 2023 ஏப்ரலில் நுவரெலியா ஆஸ்பத்திரியிலும் கொழும்பு கண் ஆஸ்பத்திரியிலும் கண்புரை ஒப்பரேஷன் செய்துகொண்ட சிலருக்கு, சொட்டு மருந்து விட்ட பிறகு கண் கெட்டுப்போனது. கண்ணில் விட்டது பிரட்னிசொலோன் சொட்டு மருந்து. விஷயம் வெளியே வந்ததும் அந்த மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. மருந்து நல்லதாக இருந்தும் ஒரு தொகுதி மட்டும் கெட்டுப்போக முடியும். அதனால்தான் போத்தலையும் பெட்டியையும் வீசக் கூடாது. அதில் அச்சடித்திருக்கிற தொகுதி இலக்கத்தை வைத்துத்தான் மற்ற போத்தல்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பிடிப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2008இல் நம் நாட்டில் ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களில், ஊசி போட்ட சில குழந்தைகள் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. உடனே ஊசியை நிறுத்தி வைத்து நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று முடிவு வந்த பிறகு 2010இல் மீண்டும் கொடுக்கப்பட்டது. ஆகவே அறிவிப்பது என்றால் மருந்தின் மேல் பழி போடுவது அல்ல. உண்மையைத் தேட வழி செய்வது. லயத்துக்கு லயம் வதந்தி பேசிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடாமல் விடுவதைவிட, போய்ச் சொல்லி விளக்கம் கேட்பது மேல்.

ஏன் சொல்லாமல் இருக்கிறோம்?

"ஏசுவாங்க" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் போவது நோயாளியின் குற்றமும் அல்ல, பெரும்பாலும் கொடுத்தவரின் குற்றமும் அல்ல. குறை சொல்லப் போகிறோம் என்று எண்ணாமல், தகவல் சொல்லப் போகிறோம் என்று எண்ணிப் போங்கள்.

"ஒரு நாள் பேர் போயிடும்" என்பது உண்மையான கஷ்டம். ஆபத்தான அடையாளம் இல்லாவிட்டால் மருத்துவமாது லயத்துக்கு வரும்போது சொல்லலாம். பிள்ளைக் காம்பராவில் சொல்லி வைக்கலாம். எங்களிடமும் சொல்லலாம், நாங்கள் கொண்டுபோய்ச் சேர்ப்போம். ஆனால் ஆபத்தான அடையாளம் இருந்தால் ஒரு நாள் பேரைப் பார்க்காதீர்கள். ஆள் இருந்தால்தான் பேர்.

"பாஷை தெரியாது" என்பது மூன்றாவது. தமிழ் தெரிந்தவர் இல்லாத ஆஸ்பத்திரியில் மருந்து உறையைக் காட்டி, "மே பெஹெத்த மட்ட அசாத்மிக்கயி" என்று சொல்லுங்கள். இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அதன் அர்த்தம். இதை வீட்டில் எல்லோரும் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகின்ற பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

"பக்கத்து வீட்டுக் குளிசையை வாங்கிக் குடிச்சேன், எப்படிச் சொல்றது?" என்று வெட்கப்படுபவர்களும் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்லுங்கள். அதோடு அந்தப் பழக்கத்தையும் விடுங்கள். ஒருவருக்கு எழுதிய மருந்து இன்னொருவருக்கு மருந்தல்ல. முக்கியமாக, டெங்கு காலத்தில் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபென், அஸ்பிரின் குளிசைகளைக் கடையில் வாங்கிக் குடிக்காதீர்கள். டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும், சொன்ன அளவில் மட்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டிய ஐந்து காரியங்கள்

1. வீட்டிலுள்ள பழைய குளிசைகளை எல்லாம் எடுத்துப் பாருங்கள். பெயரில்லாத குளிசையையும் திகதி முடிந்த மருந்தையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் கட்டி டிஸ்பென்சரியில் கொடுத்துவிடுங்கள்.

2. குடித்துக்கொண்டிருக்கும் மருந்தின் உறையையும் போத்தலையும் மருந்து முடிந்தும் ஒரு மாதம் வைத்திருங்கள்.

3. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, மருந்தின் பெயர், தொடங்கிய திகதி, ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

4. யாருக்காவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், அந்தப் பெயரை ஒரு சிறு அட்டையில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மயங்கி விழுந்தாலும் அந்த அட்டை பேசும்.

5. எந்த டொக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், மருந்து எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், பிள்ளைக்குப் பால் கொடுத்தாலும் அதையும் சொல்லுங்கள்.

படித்ததைச் சரிபார்ப்போம்

கேள்வி 1: காச நோய் மருந்து குடிப்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, கண் வெள்ளையாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறார். பயப்பட வேண்டுமா? அவரது கண் மஞ்சளாகி வாந்தியும் வந்தால்?

கேள்வி 2: பாணி மருந்து குடித்த பிள்ளைக்குத் தடிப்பு வந்து போய்விட்டது. போத்தலை வீசலாமா? யாரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி 3: அம்மா வலிப்பு மருந்து குடித்துத் தலைச்சுற்று என்கிறார். அவரே நிறுத்தலாமா?

விடைகள் எல்லாம் மேலேயே இருக்கின்றன. வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் நேரம் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பதில் சொல்லிப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிரஷருக்கும் சீனிக்கும் அதிகமாக மருந்து குடிப்பவர்கள் அவர்கள்தான்.